பள்ளிக்கூடம் போகும் சைக்கிள்களுக்கு வழி: ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர், சென்னைப் போக்குவரத்துக் காவல்துறையின் கூடுதல் ஆணையர், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவின் உறுப்பினர் செயலர் ஆகியோருக்கு,

வணக்கம்.

மேற்கு மாம்பலத்திலும் அசோக் நகரிலும் பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கும் கடைக்கும் கோயிலுக்கும் அழைத்துப்போகும் பெற்றோரில் நானும் ஒருத்தி. சைக்கிள் என்று சொன்னவுடன் உங்கள் கூட்டங்களில் யாருடைய முகம் நினைவுக்கு வரும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குனிந்து பறக்கிறவர்கள் வருவார்கள். 2021இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற புதிதில் மு.க. ஸ்டாலின் அதே சாலையில் சைக்கிள் ஓட்டிய படங்களும் நினைவுக்கு வரலாம். நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதுவது வேறு சைக்கிளைப் பற்றி. எங்கள் வண்டியின் முன் பாரில் ஒரு சின்ன சீட் இருக்கும். பின் கேரியரில் முதுகு சாய்க்கிற சீட் இன்னொன்று. ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், திரும்பி வரும்போது ஒரு கீரைக்கட்டு. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக மாட்டோம். அந்தச் சுமையோடு போகவும் முடியாது.

இப்படிப் போகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று தோன்றலாம். காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளியின் வாசலில் நின்று பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகிற வழியில் மகளை இறக்கிவிடும் அம்மா வருவார். பேப்பர் போட்டு முடித்த கையோடு மகனை ஏற்றிக்கொண்டு அப்பா வருவார். பேரனைக் கேரியரில் உட்காரவைத்து, தானே ஏறி ஓட்டத் தெம்பில்லாமல், வண்டியைத் தள்ளிக்கொண்டே வரும் தாத்தாவும் வருவார். இவர்கள் மனு எழுதுவதில்லை, சங்கம் வைத்துக்கொள்வதில்லை, கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வர அவர்களுக்கு நேரமும் இல்லை. அதனால்தான் உங்கள் கணக்கில் அவர்கள் விழுவதே இல்லை.

கேட்பது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய சாலையின் ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்து, நடுவில் சைக்கிள் படம் வரைந்த பாதை எங்களுக்கு வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் பக்கத்தில், ஒரு கோட்டை மட்டும் நம்பி எந்தத் தாயும் போக மாட்டாள். வண்ணம் காய்வதற்குள் அது கார் நிறுத்தும் இடமாகிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் பயணம் பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுவது. அதில் முக்கால் பங்கு உட்தெருக்கள். பயம் முழுவதும் மூன்று நான்கு இடங்களில்தான் குவிந்திருக்கிறது. ஒரு பெரிய சாலையைக் கடக்கும் இடம், ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை, பள்ளி வாசல். உட்தெருக்களில் வண்டிகளின் வேகத்தைக் குறையுங்கள், அந்த மூன்று நான்கு இடங்களைச் சரிசெய்யுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

இது புதிதாகக் கேட்கிற வரமும் இல்லை. 2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இதை முதலில் செய்தது சென்னைதான் என்று அப்போது சொல்லப்பட்டது. பெருமைப்பட வேண்டிய காரியம்தான். மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அந்தக் கொள்கை சொல்கிறது. 2018க்குள் நகரத்தின் பயணங்களில் 40 சதவீதமாவது நடையாகவோ சைக்கிளாகவோ இருக்க வேண்டும், நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் சாலையில் சாவது பூஜ்யமாக வேண்டும் என்று இலக்கும் வைத்தது. பூஜ்யம் வந்துவிட்டதா என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. அந்த 60 சதவீதத்தின் கணக்கை மட்டும் வார்டு வாரியாக வெளியிடுங்கள். 200 வார்டுகளில் எந்த வார்டில் நடைபாதைக்கு எவ்வளவு, சைக்கிளுக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். சைக்கிள் என்கிற பத்தியில் என்ன எண் வரும் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

நடைபாதைகள் பல இடங்களில் அகலமானதை மறுக்கவில்லை. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் என் பிள்ளைகள் கையை உதறிவிட்டு ஓடுகிறார்கள். சென்னையின் மையத்தில் ஒரு கடைவீதியில் அம்மா பதறாமல் பிள்ளை ஓட முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கொள்கையில் இரண்டு பேரை விருந்துக்கு அழைத்துவிட்டு ஒருவருக்கு மட்டும் இலை போட்டிருக்கிறீர்கள்.

உட்தெருக்களுக்கு வருகிறேன். மாநகராட்சியின் பராமரிப்பில் இருக்கும் பேருந்துத் தடச் சாலைகள் நானூறு கிலோமீட்டருக்கும் குறைவு. உட்புறச் சாலைகளோ ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பிள்ளைகளின் ஊர் இந்த ஐயாயிரம் கிலோமீட்டர்தான். 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளைத் திருத்தியபோது, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கிலோமீட்டர் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் அறிவிப்பு படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். சாலை எல்லோருடனும் பேசுகிறது. புதிதாகத் தார் போட்ட, நேர்க்கோடாக ஓடும் ஒரு நாற்பதடிச் சாலை ஓட்டுநரிடம் “ஐம்பதில் போகலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கம்பத்தில் தொங்கும் பலகையை யார் மதிப்பார்கள்?

முப்பதுக்கும் ஐம்பதுக்கும் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. முப்பதில் வரும் வண்டி ஒரு வினாடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது. ஐம்பதில் வரும் வண்டி பதினான்கு மீட்டர். ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் பாதி நீளம் கூடுதலாக வந்துவிடுகிறது. மோதினால் இறங்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். ஐம்பதில் அது முப்பதில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இது பள்ளிக்கூடப் பாடம். ஐந்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் ஒரு பெரிய கார் நின்றுவிட்டால் பிள்ளைக்கு வண்டி தெரியாது, வண்டிக்குப் பிள்ளை தெரியாது. தெரு முனைகளில் ஐந்து மீட்டருக்கு எந்த வண்டியும் நிற்காதபடி கற்களையோ செடித்தொட்டிகளையோ வைத்துவிடலாம். அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அளவுக்குச் செலவுகூட ஆகாது.

வேகத்தடை போட்டிருக்கிறோமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் இருப்பவற்றில் பல, ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் குவித்து வைத்தவை போல இருக்கின்றன. சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டி வேகத்தடைக்கு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த அளவில் போட்டால் கார் மெதுவாக ஏறி இறங்கும், சைக்கிளும் நிம்மதியாக ஏறி இறங்கும். அகலத்தைக் குறுக்கி உயரத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? கார்க்காரர் கவலைப்படாமல் தாண்டிவிடுவார்; முன் பாரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகவாய் ஹேண்டில்பாரில் இடிக்கும். வேகத்தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சரியான வேகத்தடை இன்னும் நிறைய வேண்டும்.

ஹாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளையோடு சைக்கிளில் போகாதவர்களுக்கு இது புரிவதில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை தனிச் சைக்கிளில் போகும்போது அம்மா பின்னால், அரைச் சக்கரம் வலது பக்கம் தள்ளிப் போவாள். பிள்ளைக்கும் வண்டிகளுக்கும் இடையில் அவள் உடம்புதான் சுவர். பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடிக்கிறார். பெரியவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நேரே போவோம், மிஞ்சினால் கண்ணை மட்டும் திருப்புவோம். பிள்ளை தலையை முழுசாகத் திருப்பும். தலை போகும் பக்கம் தோள் போகும், தோள் போகும் பக்கம் ஹேண்டில்பார் போகும். ஒதுங்கச் சொல்லி அடித்த ஹாரன், அதை அடித்தவரின் சக்கரத்துக்கு நேராகவே பிள்ளையைக் கொண்டுவந்துவிடும். கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம், அங்கே ஹாரன் அடிக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. காது வலிக்கிறது என்பதற்காகப் போட்ட விதியாக அதை நினைக்காதீர்கள். பள்ளி நேரத்தில் அந்த நூறு மீட்டரில் ஒரு காவலர் நின்று, ஹெல்மெட்டுக்கு அபராதம் போடும் சுறுசுறுப்பில் பாதியை ஹாரனுக்குக் காட்டினால் ஒரு மாதத்தில் பழக்கம் மாறும்.

ஹெல்மெட் என்றதும் இன்னொன்று. சைக்கிளில் பிள்ளையோடு போவதைப் பற்றிப் பேச வாயெடுத்தால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது “ஹெல்மெட் போடுகிறீர்களா?” என்றுதான். போடுகிறோம். ஸ்கூட்டரில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஹெல்மெட்டும் உடலோடு கட்டும் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி செய்தது, நல்ல விதி. சைக்கிளுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் எங்களில் பலர் பிள்ளைக்கு ஹெல்மெட் மாட்டுகிறோம், பின் சக்கரத்தில் கால் சிக்காமலிருக்கத் தகடோ வலையோ கட்டுகிறோம். கேரியரில் உட்காரும் பிள்ளையின் குதிகால் ஆரக்கம்பிகளுக்கு நடுவே போய்விட்டால் என்ன ஆகும் என்று எலும்பு மருத்துவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் பங்கை நாங்கள் செய்துகொள்கிறோம். ஆனால் ஹெல்மெட் என்பது பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் காப்பாற்றுவது. தண்ணீர் லாரிக்கு எதிராக அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஹெல்மெட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டால் லாரியைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்காது என்பதால்தான் பலருக்கு அது பிடித்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

லாரி விஷயத்தில் நீங்கள் நடவடிக்கை எடுத்ததும் நினைவிருக்கிறது. 2025 ஜூனில் பெரம்பூரில், அம்மாவின் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுமி தண்ணீர் லாரியால் இறந்தாள். அதன் பிறகு பள்ளி நேரங்களில் கனரக வாகனங்களுக்கான கட்டுப்பாடு கறாரானது. ஒரு பிள்ளை செத்த பிறகு முடிகிற காரியம் அதற்கு முந்தின வாரமும் முடிந்திருக்கும். அடுத்த முறை வரிசையை மாற்றிச் செய்யுங்கள்.

இனிப் பெரிய சாலையைக் கடப்பது. எங்கள் பக்கத்துப் பெரிய சாலைகளில் நடுவில் ஒரு திட்டு இருக்கும். ஒரே மூச்சில் இரண்டு பக்கத்தையும் கடக்க முடியாது, பாதி கடந்து திட்டில் நின்றுதான் மீதியைக் கடக்க வேண்டும். ஒரு சாதாரண சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். திட்டு ஒரு மீட்டர்கூட இல்லாத இடத்தில் என்ன ஆகிறது தெரியுமா? பின்னால் வரும் வண்டிகளுக்கு வாலைக் காட்டிக்கொண்டு, முன் சக்கரத்தை எதிர்ப்பக்க வண்டிகளின் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கிறோம். முன் சக்கரத்துக்கு மேலே இருப்பது பிள்ளை. கேரியரில் இருக்கிற இன்னொரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மாநகரப் பேருந்து. வண்டியைத் திட்டோடு திட்டாகச் சாய்த்துத் திருப்பலாம் என்றால் பிள்ளைகளின் கனத்தில் அது சரிகிறது. இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு, ஏற இறங்கச் சரிவு, இரு பக்கமும் வண்டிகளைத் தடுக்க ஒரு கல் தூண். கேட்பது இதுதான். பள்ளிகளைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் பெரிய சாலைகளில் எங்கெங்கே திட்டு குறுகியிருக்கிறது என்று வார்டுப் பொறியாளர்கள் டேப்பைப் பிடித்து அளந்து வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ரயில் பாதை எங்கள் பகுதியின் தனிச் சிக்கல். மாம்பலம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தியாகராய நகர். பிள்ளைகளுக்குப் பிடித்த நடேசன் பூங்கா, பாண்டி பஜார், பனகல் பூங்கா எல்லாம் அந்தப் பக்கம். நடப்பவர்களுக்கு 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை வந்துவிட்டது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு சிக்கியவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். சைக்கிளுக்கு என்ன வழி? துரைசாமி, அரங்கநாதன் போன்ற சுரங்கப்பாதைகள்தான். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்பது சென்னைக்கே தெரியும், அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நாங்கள் சைக்கிளை எடுப்பதே இல்லை. மழை இல்லாத நாளில் இறக்கத்தில் பின்னால் வரும் வண்டிகள் விரட்டும், ஏற்றத்தில் நாங்கள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடுவோம், ஒதுங்க ஓரமும் இல்லை. அந்த ஏற்றத்தில்தான் எல்லோருக்கும் முந்த வேண்டும் என்று தோன்றும். சுரங்கப்பாதைக்குள் 20 கிலோமீட்டர் வரம்பும் முந்துவதற்குத் தடையும் வைத்தால் யாருக்கு நஷ்டம்? முந்திப் போகிறவர் அடுத்த சிக்னலில் எங்களோடுதான் நிற்கப்போகிறார்.

கும்டாவுக்கு ஒரு தனி வேண்டுகோள். மாநகராட்சி, ரயில்வே, மெட்ரோ, நெடுஞ்சாலை என்று ஆளுக்கொரு எல்லை வைத்துக்கொண்டு, எல்லை முடிகிற இடத்தில் பொறுப்பும் முடிந்துவிடுகிறது என்பதால்தானே உங்கள் அமைப்பையே உருவாக்கினார்கள். ரயில் நிலையங்களின் நடைமேம்பாலப் படிகளில், ஓரமாக, சைக்கிள் சக்கரம் உருண்டு ஏறும் அளவுக்கு ஒரு குறுகிய சரிவுத் தடம் அமைத்துத் தரச் சொல்லி ரயில்வேயிடம் பேசுங்கள். கையளவு அகலம் போதும். பிள்ளை படியில் ஏறும், அம்மா பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுவாள். சுரங்கப்பாதையே தேவைப்படாது. இரண்டாம் கட்ட மெட்ரோ ஏறக்குறைய 119 கிலோமீட்டருக்கு வருகிறது. பனகல் பூங்கா நிலையத்துக்கு நாங்கள் பிள்ளைகளோடு சைக்கிளில் வந்து நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும் என்றால் அதற்கான வழியை இப்போதே வரையுங்கள். கட்டி முடித்துவிட்டுப் பிறகு இடமில்லை என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அது வேண்டாம்.

பள்ளி வாசல். நகரத்தின் பள்ளி ஒன்றில், பெயர் வேண்டாம், கார்கள் வந்து பிள்ளையை இறக்கிவிட்டுப் போக மஞ்சள் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சைக்கிளில் வரும் பெற்றோரைக் காவலாளி “இங்கே நிறுத்தக் கூடாது அம்மா, அந்தப் பக்கம் போங்கள்” என்று எதிர்ச்சாரிக்கு விரட்டுகிறார். அவரை நொந்து பயனில்லை, அவர் வீட்டுக்குச் சைக்கிளில்தான் போகிறார். பள்ளிகளில் ஆசிரியர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து, இறக்கி, பையை மாட்டிவிட்டு, ஷூ லேசைக் கட்டிவிட இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தும் இடம்தான் இல்லை. பள்ளிகளுக்கு நீங்கள் சாலைப் பாதுகாப்புச் சுற்றறிக்கை அனுப்பும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிதாக ஒன்று கேட்கிறேன். பள்ளி திறக்கும் நேரத்தில் அரை மணி, விடும் நேரத்தில் அரை மணி, பள்ளி இருக்கும் தெருவில் மோட்டார் வண்டிகளை விடாதீர்கள். அந்தத் தெருவில் வசிப்பவர்களும் ஆம்புலன்ஸும் மாற்றுத்திறனாளிகளின் வண்டியும் வரட்டும். மற்றவர்கள் முனையில் இறங்கி நூறு மீட்டர் நடக்கட்டும். லண்டனிலும் பாரிஸிலும் இதைச் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் மாட வீதிகளில் வண்டிகளைத் திருப்பிவிட்டு லட்சக்கணக்கானவர்களை நடக்கவிடத் தெரிந்த காவல்துறை இது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணா நகரில் சாலையை மூடி, பாட்டும் ஆட்டமுமாகத் தெரு விழா நடத்தியிருக்கிறீர்கள். என் பிள்ளைகளும் அப்படி ஒன்றில் சாலை நடுவே சாக்பீஸால் படம் வரைந்தார்கள், சந்தோஷம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பள்ளி கிடையாதே. அந்த ஏற்பாட்டைத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஒரே ஒரு தெருவில் செய்து காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு பள்ளித் தெரு என்று தொடங்கலாம். ஒரு பருவம் நடத்திப் பார்த்து, தெருக்காரர்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம்.

ஒருவழிப் பாதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார் நெரிசலுக்காக ஒரு தெருவை ஒருவழியாக்கும்போது, இருநூறு மீட்டரில் போய்ச்சேர வேண்டிய பள்ளிக்கு நாங்கள் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நெரிசலை உண்டாக்கியது நாங்கள் இல்லை. வேகம் குறைந்த உட்தெருக்களில் சைக்கிளுக்கு மட்டும் ஒருவழியிலிருந்து விலக்குக் கொடுத்து, முனையில் அதைப் பலகையில் எழுதிவையுங்கள். சட்டத்தை மீறிப் போக எனக்குப் பிடிக்கவில்லை, அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு.

தெருநாய்கள், வெயில், மரங்கள். மூன்றுக்கும் தனித்தனி மடல் எழுதலாம். சைக்கிளைத் துரத்துகிற நாய் பிள்ளையின் தொங்கும் காலுக்குத்தான் குறிவைக்கிறது என்பதையும், 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களின் நிழல் இன்னும் பல தெருக்களுக்குத் திரும்பவில்லை என்பதையும், மூன்றரை மணி வெயிலில் நிழலுள்ள தெருவையும் நிழலில்லாத தெருவையும் பிள்ளையே பிரித்துச் சொல்லும் என்பதையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் “இது என்ன நெதர்லாந்தா?” என்று கேட்பவர்கள் உண்டு. நெதர்லாந்தும் பிறக்கும்போதே நெதர்லாந்தாக இல்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் சாலையில் இறங்கிக் கத்திய பிறகுதான் அரசு சாலைகளை மாற்றியது. சைக்கிள் நமக்கு அந்நியமும் இல்லை. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஓடியிருக்கின்றன. இந்த ஊரில் மேடு என்று சொல்ல மேம்பாலங்களை விட்டால் ஒன்றுமில்லை. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் மாநிலம் இது. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. வண்டியை வாங்கிக் கொடுக்கவும், வரியைக் குறைக்கவும் அரசுகளுக்கு மனம் இருக்கிறது. பதினாறு வயதில் சைக்கிளைக் கையில் கொடுக்கிற அரசு, ஆறு வயதில் அந்தப் பிள்ளை எந்தத் தெருவில் ஓட்டிப் பழகும் என்று யோசிக்க வேண்டாமா?

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 138 (1ஏ) பிரிவு, மோட்டார் இல்லாத வண்டிகளும் நடப்பவர்களும் பொது இடங்களைப் பயன்படுத்துவது பற்றி மாநில அரசு விதிகள் செய்யலாம் என்கிறது. அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்யும்படி 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. விதிகள் எழுதும் மேசையில் உங்கள் மூன்று அலுவலகங்களின் சொல்லுக்கும் எடை உண்டு. சைக்கிள்காரர்கள் எங்கெல்லாம் போகக் கூடாது என்கிற பட்டியலாக அது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பிள்ளையைச் சைக்கிளில் கொண்டுவிடும் ஒருவரை, முடிந்தால் அந்த வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவை, அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்து அழையுங்கள்.

இவற்றில் பலவற்றுக்குக் கோப்பு வேண்டும், நிதி வேண்டும், நாள் ஆகும் என்பது தெரியும். நாள் ஆகாத ஒன்றும் இருக்கிறது. மழைநீர் வடிகால்களின் மேல் இருக்கும் இரும்புக் கம்பி மூடிகளில் சில, கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாட்டில் இருக்கும்படி பதிக்கப்பட்டிருக்கின்றன. பெரியவர் சைக்கிளின் டயர் அந்த இடைவெளியில் தப்பினாலும், பிள்ளைச் சைக்கிளின் சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி நிற்கிறது. வண்டி நின்றுவிடும், பிள்ளை நிற்காது. கம்பிகள் குறுக்குவாட்டில் இருந்தால் டயர் மேலேயே உருண்டு போய்விடும். மூடி சதுரமாக இருக்கும் இடங்களில் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து, மூடியைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட மூடிகள் எந்தெந்தத் தெருவில், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில் இருக்கின்றன என்று பெற்றோர் நாங்கள் குறித்துவைத்திருக்கிறோம். பட்டியலை மண்டல அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறோம். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
மேற்கு மாம்பலத்திலிருந்து,
பள்ளிப் பிள்ளைகள் இருவரின் தாய்